கொள்ளையில போங்க, அண்ணி

என் நாத்தனாரின் குரல் இன்று ஒரு பிசாசின் வாயில் இருக்கிறது. மரத்தில் தொங்கும் பிசாசு அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற பிசாசு. கொள்ளை நோயைக் கொண்டுவந்து கொட்டுவதுதான் அதற்கு வேலை. ஊருக்குள் காலெடுத்து வைத்தால் ஊர் மொத்தமும் சுருண்டு விழும். அதைச் செய்தவள் என் பேத்தி. வீட்டில் ஒரு கிளாஸ் கழுவமாட்டாள். ஆபீசில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் ஊரையே அழிப்பாள்.

ஜார்ஜ்டவுனில் இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரர்கள் கதையை அனுப்ப, இங்கே இருக்கிற பிள்ளைகள் உருவம் செய்து கொடுக்கிறார்கள். பிசாசு செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் பெருமையாகச் சொன்னபோது, எதற்கு இவ்வளவு சிரமம், நம் வீட்டுக் கல்யாண போட்டோவை எடுத்து அனுப்பிவிடு, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

முடித்த பிறகு எனக்குக் காட்டினாள். தண்ணீரில் ஊறிக் கிடந்த சாக்கு மாதிரி உடம்பு. முகத்தில் ஒரு வாய், வயிற்றில் இன்னொரு வாய். முதுகெல்லாம் கொப்புளம், ஒவ்வொன்றும் உடையும்போது உள்ளேயிருந்து ஈ பறந்தது. செத்த எலிகளை வாலோடு வால் முடிந்து இடுப்பில் கட்டிவிட்டிருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு வாய் வச்சிருக்கியே, பின்னால ஒண்ணையும் காணோமே. இது எப்படி வெளிக்குப் போவும்?"

"அதெல்லாம் அதுக்குக் கெடையாது பாட்டி."

"அதான் இவ்ளோ கோவமா இருக்கு."

உருவத்துக்குக் குறையில்லை. குரலில்தான் வண்டி நின்றுபோயிருந்தது. ஆங்கிலத்தில் உறுமவிட்டுப் பார்த்தார்களாம். எல்லாப் பிசாசும் இதே மாதிரிதான் பேசுகிறது, வேண்டாம் என்று அங்கிருக்கும் பெரியவன் தள்ளிவிட்டான். ஆடுகிறவர்களுக்குப் புரியாத ஒரு பாஷை வேண்டும், ஆனால் கேட்டதும் வயிறு கலங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். என் பேத்திக்கு உடனே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொள்ளை என்ற சொல் எங்கள் வீட்டில் உப்பு மாதிரி. அதைக் கொண்டுவந்தவள் என் நாத்தனார், என் புருஷனுக்கு நேர் இளையவள். கட்டிக்கொண்டவன் இன்னொருத்தியோடு ஈப்போவுக்குப் போய்விட்டான். பிள்ளை கிடையாது. ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் செத்த பிறகும் போகவில்லை. அவளும் நானும் காய்கறிப் பாசார் முனையில் ஒரே வண்டியில் அப்பம் சுட்டு விற்றோம். அவள் மாவு ஊற்றுவாள், நான் மூடி திறப்பேன். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இராது.

அண்ணன் பெண்டாட்டியை மரியாதை இல்லாமல் பேசக்கூடாது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். திட்டக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள். ஆகவே அவள் சாபம் எல்லாம் மரியாதையோடு வரும். "கொள்ளையில போங்க அண்ணி" என்பாள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை, நான் மூத்தவள். "நீ முன்ன போயி எனக்கு எடம் புடிச்சு வையிடி" என்பேன். காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது ஒரு சுற்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது ஒரு சுற்று. தினமும் அப்பம் வாங்க வந்த ஒரு சீனத் தாத்தா, நாங்கள் திட்டிக்கொள்ளாத நாளில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மலாயில் கேட்பார்.

கொரோனா வந்தபோது மட்டும் அந்தச் சாபத்தை எடுத்து வைத்தோம். அசல் கொள்ளையே கீழே லிப்டுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது பெயர் சொல்லி மேலே கூப்பிடுவானேன்? கீழ்வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போன அன்று, "நாசமாப் போங்க அண்ணி" என்று சொல்லிப் பார்த்தாள். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. எல்லாம் அடங்கிய பிறகு பழையபடி கொள்ளைக்குத் திரும்பினோம்.

அப்புறம் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவள் தண்டாஸ் என்கிற கக்கூஸ் வாசலிலேயே விழுந்தாள். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போயின, அதோடு பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சீனப் பெண் இருந்தாள். பொறுமைசாலி. கோழி, குடை, நாற்காலி என்று ஒவ்வொரு படமாகக் காட்டுவாள். என் நாத்தனார் கோழியை உற்றுப் பார்ப்பாள். கோழியும் அவளைப் பார்க்கும். ஒன்றும் வராது.

என் மகன் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் அல்ல. பகலில் அவனும் மருமகளும் பேத்தியும் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பது நான். எனக்குப் பாதிக் காதுதான் கேட்கும். விழுந்தால் கூப்பிடக்கூட வாயில்லாத ஒருத்தியை என்னை நம்பி எப்படி விட்டுப் போவது? சீனப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம் என்றான். கூப்பிடுவதற்கு ஒரு சொல்லாவது வந்தால் வீட்டில் இருக்கட்டும். வராவிட்டால் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு முதியோர் ஹோம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றான். இதையெல்லாம் அவள் முன்னால் வைத்தே சொன்னான். பேச்சு போனால் காதும் போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. அவள் இடது கையால் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அன்று முதல் வீடே அவளிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தது. கொடுமை அதுதான். என் மருமகள் கன்னத்தைத் தடவி, கிளிக்குச் சொல்லிக்கொடுப்பது போல, தண்ணி சொல்லுங்க, தண்ணி என்பாள். வாழ்நாளில் ஒருவரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் வேறு யாரிடமோ பேசுகிறார்கள் என்று நினைத்து எதிர்ச் சுவரைப் பார்ப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் பேத்தி மைக்கைக் கொண்டுவந்தாள். ஒரு சனிக்கிழமை அறை ஜன்னலைச் சாத்தி, சுவரோரம் தலையணைகளை அடுக்கி, என்னை உட்காரவைத்தாள். திட்டச் சொன்னாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாபம் தபால் மாதிரி, விலாசம் வேண்டும். ஒரு நுனியில் காலுறையை மாட்டிக்கொண்டு நிற்கிற குச்சியைப் பார்த்து, நீ நாசமாய்ப் போ என்றால் எங்கே போகும்?

"யாரையாச்சும் மனசுல நெனச்சிக்குங்க லா பாட்டி."

நினைப்பானேன், ஆள்தான் ஹாலில் இருக்கிறதே என்றேன். சக்கர நாற்காலியோடு அவளைத் தள்ளிக்கொண்டு வந்து என் முழங்காலுக்கு எதிரே நிறுத்தினாள் பேத்தி.

ஆரம்பத்தில் மெதுவாகத்தான் எடுத்தேன். உன் வாயில் மண் விழ, உன் கட்டையில் கரையான் ஏற என்று வழக்கமானதுதான். அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சூடு பிடித்தது. ஈப்போவுக்குப் போனவனை எடுத்தேன். அவன் அந்தச் சிறுக்கியைப் பார்த்துப் போகவில்லை, உன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் போனான் என்றேன். பிறகு, புழு பூச்சி தங்காத வயிறு என்றேன். இத்தனை வருஷச் சண்டையில் அதை நான் தொட்டதில்லை. அது வேலிக்கு அந்தப் பக்கம். அன்று வேலியைப் பிடுங்கிப் போட்டேன். பிசாசுக்கு வேண்டியிருந்தது, எனக்கும் நன்றாகவே இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் நிறுத்தவில்லை.

"பெருநாள் வரட்டும்டி. ஒன்னக் கொண்டுபோயி ஹோம்ல தள்ளிட்டு, ஒன் கட்டில்ல நான் கால நீட்டிப் படுக்கறேன்."

அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டைக்குள் அடைத்த சாக்கடையைக் குத்துகிற மாதிரி ஒரு சத்தம். எச்சில் ஒழுகியது. அதோடு சேர்ந்து, மண்ணுக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது.

"கொ... கொள்ளையில... போங்க."

பக்கத்தில் பேத்தி அத்தைப் பாட்டியைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் கோடு ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"பாட்டி, நீங்க மூச்சு விடுற சத்தம் விழுவுது. அத்தைப் பாட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள். கேட்டபோதெல்லாம் சொன்னாள். கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முடிவில் 'அண்ணி' வரும் என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'போங்க'வோடு நின்றுபோனது.

வெள்ளைக்காரப் பெரியவனுக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. கேட்டுவிட்டு, இதைப் போட்டவர் எந்த நாடக நடிகை என்று கேட்டானாம். முடிவில் வருகிற அந்த 'ங்க' என்ன என்று கேட்டிருக்கிறான். மரியாதை என்று என் பேத்தி விளக்கியிருக்கிறாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே மரியாதையாகப் பேசி ஆளைக் கொல்லுகிற பிசாசு நம்முடையதுதான் என்று எல்லோரிடமும் சொன்னானாம்.

மகனும் சொன்ன சொல் மாறவில்லை. கூப்பிட ஒரு சொல் வந்துவிட்டது, அத்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்றான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், கோழியும் குடையும் செய்யாததை என் வாய் செய்தது என்று அந்தச் சீனப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன். அவள் சிரித்தாள். பேச்சு போனவர்களுக்கும் பாட்டு, பிரார்த்தனை, கெட்ட வார்த்தை இவை சில சமயம் தப்பித்து நிற்கும், மூளையில் அவை இருக்கிற மூலை வேறு என்றாள். இது பேச்சு திரும்பியது ஆகாது, மற்றச் சொற்கள் வராமலே போகலாம், ரொம்ப ஆசைப்படாதீர்கள் என்றும் சொன்னாள். என் நாத்தனாருக்குப் பிரார்த்தனையும் தெரியாது, பாட்டும் தெரியாது. மிச்சம் நின்றது இதுதான்.

வேறு சொல் வரவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், கால் மரத்துப்போனாலும் அதுதான். நான் ராகத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் தண்டாஸ். இரண்டாவதில் ஒரு கூத்து. விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டவர்கள் கொள்ளையைக் கொல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இத்தனை எலியைக் கட்டிக்கொண்டு வருகிற பிசாசு வாளோடு நிற்கிற வீரனைப் பார்த்து, தயவுசெய்து கொல்லைப்புறம் போங்கள் என்று கேட்டுக்கொண்டது. பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். தப்பில்லை, பாதி நேரம் அவள் சொல்வது அதுதான் என்றேன்.

விளையாட்டு வெளிவந்தபோது எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பேத்தி விளையாடிக் காட்டினாள். மழை பெய்கிற ஊர். வீட்டுக் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. பிசாசு நடந்து வந்து, வயிற்று வாயைத் திறந்து என் நாத்தனாரின் குரலில் சொன்னது. எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இதுக்குப் பதில் சொல்றதுக்கு எத அமுக்கணும்?"

"பதில்லாம் சொல்ல முடியாது பாட்டி. வெட்டத்தான் முடியும்."

வெட்டினாள். கொப்புளங்கள் உடைந்து ஈக்கள் பறக்க, முட்டிபோட்டு, கடைசியாக ஒரு முறை மெதுவாகச் சொல்லிவிட்டு விழுந்தது. பேத்தி கை தட்டினாள். என் நாத்தனார் திரையைப் பார்க்கவில்லை. பேத்தியைப் பார்த்தாள்.

அடுத்து, பேத்திக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பட்டர்வொர்த்திலிருந்து வந்தார்கள். அத்தையை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்றாள் மருமகள். நான்தான் மறித்தேன், வீட்டில் வயசானவளை ஒளித்து வைத்தால் சாமி பொறுக்காது என்று. சாமியாவது ஒன்றாவது. என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். கிளிப்பச்சைச் சேலையை இடது கையாலேயே இழுத்து மடிமேல் போட்டு வைத்திருந்தாள். கட்டிவிட்டேன். வாயைத் திறக்காதே, பொட்டை வைத்துவிட்டுக் கையை எடு என்று காதில் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

பேத்தி முன்னால் வந்து குனிந்தாள். இடது கையால், மூக்கில் பாதி கொட்ட, குங்குமம் வைத்தாள். கையை எடுக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. நல்லா இரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், எனக்குத் தெரியும்.

"கொள்ளையில போ."

சின்னவளுக்கு 'ங்க' கிடையாது. அந்தக் கணக்கு மட்டும் அவளுக்குத் தவறவே இல்லை. சபையே திரும்பிப் பார்த்ததும் ஏதோ தப்பாகிவிட்டது என்று அவளுக்கே புரிந்தது. சமாதானம் சொல்வதற்காக மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பி, ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து, பணிவாக, "கொள்ளையில போங்க" என்றாள்.

மாப்பிள்ளைப் பையன் அந்த விளையாட்டை ஆடியவன். குரல் அடையாளம் தெரிந்து குபுக்கென்று சிரித்துவிட்டான். அவன் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். நான் நிலைமையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. என்னயுந்தான் காலம் பூரா போகச் சொல்றா. நான் இன்னும் போய்ச் சேரல."

ஒருவரும் சிரிக்கவில்லை. பேத்தி குனிந்த தலையை நிமிர்த்தி, மூக்கிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள்.

"அப்பா, இவங்கள உள்ள கொண்டு போங்க."

நிச்சயம் முறியவில்லை. கல்யாணத்தில் மட்டும் அந்த அம்மா இருக்கவேண்டாம் என்று பட்டர்வொர்த்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் முடிகிற வரைக்கும் ஹோமில் விடலாம் என்று முதலில் சொன்னது மகன் அல்ல, மருமகளும் அல்ல. குரலைப் பிசாசுக்கு எடுத்துக்கொண்டவள்தான் சொன்னாள். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு சொல் வந்தால் வீட்டில் இருக்கட்டும் என்ற பேச்சு என்ன ஆனது என்று நான் மகனைக் கேட்டேன். வந்த சொல்லைப் பார்த்தீர்கள்தானே அம்மா என்றான்.

கூட்டிக்கொண்டு போன அன்று அவள் அடம் பிடிக்கவில்லை. லிப்டுக்குள் நாற்காலியைத் தள்ளியபோது, திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள். இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. எனக்குத் தெரியாத ராகம். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், பழக்கத்தில் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"நீ முன்ன போயி எனக்கு எடம் புடிச்சு வையிடி."

லிப்ட் கதவு சாத்திக்கொண்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. முடிந்த பிறகு அவளைத் திரும்பக் கூட்டிவருவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும்தான். அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தேன். சொன்னதைச் செய்ய வேண்டுமல்லவா. தூக்கம் வரவில்லை. மெத்தை அவள் படுத்த இடத்தில் பள்ளமாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனான். ஹோம் சுத்தமாகத்தான் இருந்தது, மருந்து நெடியும் மூத்திர நெடியும் சம அளவில் இருந்தன. பார்த்துக்கொள்கிற இந்தோனேசியப் பெண் மலாயில் பேசினாள். நல்ல பாட்டி, ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், காலையில் எங்களைக் கண்டதும் ஏதோ வாழ்த்துச் சொல்கிறாள் என்றாள். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் ஒரு தொல்லை என்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரைப் படுக்கவைத்தாலும் விடுவதில்லை. கத்துகிறாள். போன வாரம் வந்த ஒரு பாட்டிமேல் மைலோ கப்பை எறிந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அதைக் காலியாகவே விட்டிருக்கிறோம் என்றாள்.

போய்ப் பார்த்தேன். என் நாத்தனார் இளைத்திருந்தாள். முடியைக் கிராப்பு வெட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்மேல் அவளுடைய நீலத் துண்டு விரித்துக் கிடந்தது. நான்கு மூலையும் இழுத்து மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. ஒற்றைக் கையால் அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி எனக்கு இடம் பிடிப்பாளே, அதே மாதிரி போட்டு வைத்திருந்தாள்.

என்னைக் கண்டதும் இடது கையால் அந்தத் துண்டைத் தட்டினாள்.

"கொள்ளையில போங்க."

என் பதிலை அவள் எப்போதோ செய்து முடித்திருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு துண்டின்மேல் உட்கார்ந்தேன். மகன் என்னைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், பிறகு அந்த இந்தோனேசியப் பெண்ணைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கட்டில் இன்னும் எவ்வளவு நாள் காலியாக இருக்கும் என்று மலாயில் கேட்டான். எனக்குப் பாதிக் காதுதான். அந்தப் பாதியில் நன்றாகக் கேட்டது.

மெத்தையை அழுத்திப் பார்த்தேன், பரவாயில்லை. ஜன்னல் பக்கத்தை மட்டும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள், கொள்ளையில போறவ.